மறு: தாள் வரைபடக் கைக்குறிகள் – கலைச்சொல்

> 'எண்ணிமமாக்கல்' இருக்கிறதே, போதாதா? எதற்குப் புதுச் சொல்?

ஐயா, வணக்கம்.

தாள் வரைபடத்தில் மக்கள் பேனாவால் போட்ட குறிகளைக் கணினித் தரவாக மாற்றும் வேலைக்கு 'எண்ணிமமாக்கல்' (digitization) என்ற பொதுச்சொல் போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. தாளை ஸ்கேன் செய்ததுமே அது எண்ணிமமாகிவிடும். ஆனால் கணினிக்கு அது வெறும் படம். பேனாவால் போட்ட வட்டம் கோயிலா, காப்பிக் கறையா என்று அதற்குத் தெரியாது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாங்கள் செய்யும் வேலையை வைத்தே சொல்கிறேன். மேகசின் பேரக்ஸ், நகராட்சியில் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர்களின் குடியிருப்பு. 1960களில் அங்கிருந்த குடும்பங்களைச் சாட்ஸ்வர்த் என்ற இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே வளர்ந்த பெரியவர்கள் பழைய வரைபட நகலில் வீட்டு வரிசை, குழாயடி, விளையாட்டுத் திடல் என்று குறித்துத் தருகிறார்கள்.

ஸ்கேன் செய்வதற்கு 'வருடல்' இருக்கிறது, விடுங்கள். அடுத்து, படத்தை நிலத்தின் மேல் உட்கார வைக்க வேண்டும். இன்றும் நிற்கும் கோயில், மாறாத சாலைச் சந்திப்பு என்று சில புள்ளிகளைப் பிடித்துப் பொருத்துகிறோம். இதற்கு 'புவிசார் ஒருங்கிணைப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். மேடையில் பேச நன்றாயிருக்கும்! 'இடம்பொருத்தல்' போதுமே, 'படம் இன்னும் இடம்பொருந்தவில்லை' என்று இயல்பாகவும் பேசலாம். தென்னாப்பிரிக்காவில் இந்தக் கட்டத்தில் கவனம் வேண்டும். 1999க்கு முந்தைய அரசு வரைபடங்கள் கேப் டேட்டம் என்ற பழைய இடக்கணக்கு முறையில் இருக்கும். அந்த ஆயத்தொலைகளை அப்படியே இன்றைய ஜிபிஎஸ் எண்களாக எடுத்துக்கொண்டால் எல்லாம் இடம் தள்ளிப் போய்விடும்.

> மூன்றாவது கட்டத்துக்குத் 'திசையனாக்கல்' சரிவருமா?

திசையனாக்கல் (vectorization) என்றால் படத்தைக் கோடுகளாகவும் வடிவங்களாகவும் மாற்றுவது, அவ்வளவுதான். கடை லோகோவைக்கூடத் திசையனாக்கலாம். அதில் இடமும் இல்லை, இது குழாயடி என்ற விவரமும் இல்லை. நான் தேடுவது, கைக்குறியைப் பார்த்து, புரிந்துகொண்டு, புள்ளியாகவோ கோடாகவோ பரப்பாகவோ எடுப்பதற்கான சொல். புரிந்துகொள்வதில்தான் பாடே. 1:10,000 வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனான பேனாக்கோடு தரையில் 10 மீட்டர். அந்தக் கோடு சந்துப்பாதையா, வீட்டு வரிசையா? கோட்டின் நடுவை எடுப்பதா, ஓரத்தையா? பக்கத்தில் அம்மா ஒருவர் கேள்விக்குறியும் போட்டு வைத்திருப்பார்.

அதனால் 'குறியெடுப்பு' என்கிறேன். ஸ்கெட்ச் மேப் டூல் என்ற மென்பொருளில் போல, வண்ணப் பேனாக் குறிகளைக் கணினியே கண்டுபிடித்தால் 'தானியங்கிக் குறியெடுப்பு'. பொத்தானில் 'குறியெடு' என்று அடங்கிவிடும். 'கோடெடுப்பு' என்றால் புள்ளி விட்டுப்போகும்.

> 'குறிப்பெடுப்பு' என்று காதில் விழுமே?

விழும், உண்மைதான். ஆனால் 'வரைகுறியெடுப்பு' என்று நீட்டினால் யாரும் சொல்லமாட்டார்கள். அப்புறம், அட்டவணையில் 'குறித்தவர்', 'குறியெடுத்தவர்' என்று இரண்டு பத்தி வைக்க இது வசதி. திடல் ரயில்பாதை மேல் விழுந்து கிடந்தால், பெரியவரிடம் போய்க் கேட்பதா, கணினியில் குறியெடுத்த நம் பையனிடம் கேட்பதா என்று உடனே தெரியும்.

இந்தச் சொற்கள் வரும் படிவத்தை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். இதைவிட நல்ல சொல் இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள்.