புதுப்பிப்பு: பொங்கோல் வீட்டில் ஃபார்மால்டிஹைடு சோதனை, முடிவு வந்துவிட்டது

சீரமைப்பு வேலை முடிந்த எங்கள் வீவக (சிங்கப்பூர் அரசாங்க அடுக்குமாடி) வீட்டில், மகள் அறைக்குள் போனாலே கண் எரிகிறது. பலகைப் பசை, பெயின்ட் போன்றவற்றிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு வாயுவாக இருக்குமோ என்று சந்தேகம். அதை அளந்து காட்டும் கைக்கருவி போதுமா, ஆள் வைத்துச் சோதிக்க வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

‘சிங்லாஸ்’ (ஆய்வகங்களுக்கான சிங்கப்பூர் அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகமாகப் பாருங்கள் என்ற யோசனைதான் கைகொடுத்தது. முந்தைய இரவே சன்னல்களைச் சாத்தி வைக்கச் சொன்னார்கள். வந்த தம்பி சிறிய பம்பு ஒன்றைக் கட்டில் உயரத்தில் வைத்து, டிஎன்பிஎச் என்ற, இந்த வாயுவைப் பிடித்துவைக்கும் ரசாயனம் பூசிய குழாய் வழியாகக் காற்றை இழுத்து, குழாயை மூடி ஆய்வகத்துக்கு எடுத்துப் போனார்.

மகள் அறையில் ஒரு கனமீட்டருக்கு 0.17 மில்லிகிராம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 30 நிமிடச் சராசரி வரம்பு 0.1. கூடம் வரம்புக்குள்தான் இருந்தது.

எதிர்பாராதது என்னவென்றால், காரணம் பெயின்ட் இல்லை. “அக்கா, இங்க மோந்து பாருங்க” என்று அவர் இழுப்பறையைக் கழற்றிக் கவிழ்த்தார். லேமினேட் ஒட்டாமல் விட்ட பலகை விளிம்பிலிருந்து அந்த நெடி குப்பென்று வந்தது. அலமாரியின் பின்பலகையும் அப்படியே.

கைக்கருவியை நம்பி முடிவெடுக்காதீர்கள். கிருமிநாசினி தடவிய கையை அருகில் கொண்டுபோனதற்கே அதில் எண் எகிறியது. காற்றுச் சுத்திகரிப்பானில் இருக்கும் ஹெப்பா வடிகட்டியும் தூசியைத்தான் பிடிக்கும், இந்த வாயுவை அல்ல.

ஒப்பந்ததாரர் விளிம்புகளை அடைத்துக் கொடுத்தார். அப்புறம் சன்னலைத் திறந்து விசிறியைப் போட்டு வைத்தோம். மறுசோதனையில் 0.07. மறுசோதனையையும் முதல் முறை போலவே சன்னலைச் சாத்தியே செய்யுங்கள். இல்லாவிட்டால் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியாது.