மதத் தலைவர்கள் கைகோத்து போட்டோ எடுக்குறதால கீழ ஏதாச்சும் மாறுதா?

கோடைமழை:
ரொம்ப நாளா மண்டைல ஓடிட்டு இருக்குற கேள்வி. எல்லா மதத்துப் பெரியவங்களும் ஒரே மேடைல உக்காந்து போட்டோ எடுக்குறாங்க, அறிக்கை விடுறாங்க. 2019ல அபுதாபில போப் பிரான்சிஸும் எகிப்துல இருக்குற அல் அஸ்ஹர் மசூதியோட தலைமை இமாம் அகமது அல் தய்யிபும் மனித சகோதரத்துவம்னு ஒரு ஆவணத்துல கையெழுத்து போட்டாங்க, அந்த பிப்ரவரி 4ஐ ஐநா ஒரு சர்வதேச நாளாவே ஆக்கிடுச்சு. சரி, நல்லதுதான். ஆனா தெருவுல கல்லெடுக்குறவன் இத எங்க படிச்சான்? கிண்டலுக்கு கேக்கல. இவங்களால நெஜமா வேலை நடந்த இடம் இருந்தா சொல்லுங்க.

எதிர்க்காத்து:
பாதி சண்டை மூளுறதே இவங்க பிரசங்கத்துலதான. பிள்ளையையும் கிள்ளி விட்டு தொட்டிலையும் ஆட்டுற கதை.

சும்மாஒருத்தன்:
எதிர்க்காத்து சொல்றது தப்பில்ல, ஆனா அதுக்குள்ளயே பதிலும் இருக்கு. நைஜீரியால கடுனானு ஒரு ஊர், அங்க இமாம் முகமது அஷாஃபா, பாஸ்டர் ஜேம்ஸ் வுயேனு ரெண்டு பேர், ரெண்டு பேருமே அடியாள் கூட்டத்த நடத்துனவங்கதான். 1992 கலவரத்துல பாஸ்டருக்கு ஒரு கை போச்சு, இமாமோட குருவும் உறவுக்காரங்க ரெண்டு பேரும் செத்தாங்க, அதுக்கப்புறம் ஒருத்தர ஒருத்தர் பழிவாங்கணும்னுதான் திரிஞ்சிருக்காங்க. 1995ல அதே ரெண்டு பேர் சேர்ந்து சமரச மையம் ஆரம்பிச்சாங்க. இதுல எனக்குப் பிடிச்சது மேடை இல்ல. பாஸ்டரோட அம்மா உடம்பு முடியாம கெடந்தப்ப இமாம் போய் பாத்தாரு பாருங்க, அதான். கிள்ளி விட்டவனுக்குத்தான் எங்க வலிக்கும்னு தெரியும், அவன் வந்து நிறுத்துடான்னா அவனோட பசங்க கேப்பாங்க. வெளில இருந்து வர்ற ப்ரொஃபசர் சொன்னா யார் கேக்குறா?

எதிர்க்காத்து:
அதே கடுனாலதான் 2002 ஆகஸ்ட்ல மதத் தலைவர்கள் எல்லாம் அமைதிப் பிரகடனம்னு கையெழுத்து போட்டாங்க. நவம்பர்ல உலக அழகிப் போட்டி விவகாரத்துல கலவரம் வந்து 200 பேருக்கு மேல செத்தாங்களே, அத ஏன் விட்டுட்டீங்க?

சும்மாஒருத்தன்:
விடல, மறந்துட்டேன், ஒத்துக்குறேன். காகிதம் மட்டும் போதாதுன்னு நானும்தான் சொல்றேன். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுல 2013ல சண்டை முத்துனப்ப இமாம் ஒமர் கொபின் லயாமாவ பேராயர் நசபலைங்கா தன் வீட்டுலயே மாசக்கணக்கா தங்க வச்சிருந்தாரு. சொந்த ஆளுங்களே துரோகின்னு சொல்லக்கூடிய வேலை அது. இந்த ரிஸ்க் எடுக்காத தலைவர் மேடைல என்ன பேசினாலும் எனக்கு ஒண்ணுதான். இன்னொண்ணு, பிரச்சினை வெடிச்சப்புறம் நம்பர் தேடக்கூடாது, முன்னாடியே நாலு தடவ டீ குடிச்ச பழக்கம் இருந்தாதான் ராத்திரி 2 மணிக்கு போன் எடுப்பான்.

வெள்ளைத்தாள்:
லேட்டா வரேன், மன்னிக்கவும். தலைவர்கள்னதும் எல்லாரும் ஆம்பளைங்களையே சொல்றீங்க. லைபீரியால 2003ல உள்நாட்டுப் போர் நடந்தப்ப சர்ச் பெண்களும் மசூதிப் பெண்களும் வெள்ளை உடை போட்டு மீன் மார்க்கெட் பக்கம் மைதானத்துல வெயில்லயும் மழைலயும் உக்காந்தாங்க, லேமா குபோவி முன்னாடி நின்னாங்க, 2011ல நோபல் கூட வாங்குனாங்க. முஸ்லிம் பெண்கள சேர்த்துட்டு வந்தது ஒரு போலீஸ்கார அம்மா. அவங்க போட்ட கணக்கு என்னன்னா, ஜனாதிபதி சர்ச்சுக்குப் போறவர், கிளர்ச்சிக்காரங்க மசூதிக்குப் போறவங்க, அப்ப நாம போய் பிஷப்பையும் இமாமையும் நச்சரிப்போம், அவங்க மேல இருக்குறவங்கள நச்சரிப்பாங்கன்னு. அப்புறம் கானாவுல பேச்சுவார்த்தை இழுத்துட்டே போனப்ப வாசல்ல உக்காந்து கதவ மறிச்சாங்க, ஒப்பந்தம் ஆகஸ்ட்ல வந்துச்சு.

கோடைமழை:
ஓ, அப்ப நான் கேள்விய தலைகீழா கேட்டிருக்கேன் போல. அவங்க நமக்கு என்ன பண்றாங்கன்னு கேட்டேன், அவங்கள யார் போய் உலுக்குறதுன்னு கேட்டிருக்கணும். எதிர்க்காத்து, நீங்க இன்னும் நம்பலன்னு தெரியுது :)

எதிர்க்காத்து:
நம்பல. ஆனா அந்த வெள்ளை உடை அம்மாக்கள மட்டும் நம்புறேன்.