முகம் தெரியாதவர் ஊருக்குள் வந்தால்: களத்தில் இருப்பவர்களின் பகிர்வு

வீடற்றோர் மீட்புப் பணியிலிருந்து

தெருவில் அலையும் வீடற்றவரை, மனநலம் பாதித்தவரைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று எண்ணி ஊர் கூடி அடித்துவிடுவதுண்டு. அவர் போட்டிருப்பது சித்திரை வெயிலில் மூன்று சட்டை, மேலே ஒரு ஸ்வெட்டர். பார்த்ததுமே "உள்ள எதையோ மறைச்சு வச்சிருக்கான்" என்று பேச்சு கிளம்பும். தெருவில் படுப்பவர் கழற்றி வைத்தது மறுநாள் இருக்காது, அதனால் இருப்பதையெல்லாம் உடம்பிலேயே போட்டுக்கொள்கிறார். மூட்டையைப் பிரித்தால் காலி பாட்டில், பிளாஸ்டிக் கவர், குப்பையில் பொறுக்கிய பொம்மை, சில சமயம் ஒரு குழந்தைச் சட்டை. கூட்டத்துக்கு அந்தச் சட்டை போதும், பிள்ளை பிடிக்கிறவர் என்று முடிவே கட்டிவிடுவார்கள். பெண்கள் முடியை வெட்டிக்கொண்டு ஆண் சட்டை போடுவது இரவில் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள. அதையும் வேஷம் என்கிறார்கள்.

இதைவிட ஆபத்து, பதில் வராதது. யாரு நீ, எந்த ஊரு, எதுக்கு வந்த என்று நாலு பேர் ஒரே மூச்சில் கேட்கிறார்கள். மனச்சிதைவு உள்ளவருக்கு ஏற்கெனவே காதில் குரல்கள் கேட்டுக்கொண்டிருக்கலாம். சிரிப்பார், முணுமுணுப்பார், பயத்தில் ஓடுவார். ஓடினால் "பாத்தியா" என்பார்கள்.

இப்படி ஒருவரைப் பார்த்தால், பேசுவதற்கு ஒருவர் மட்டும் போங்கள். அவர் பெண் என்றால் பெண்ணே போகட்டும். பின்பக்கமாகப் போகாதீர்கள். நாலடி தள்ளி உட்காருங்கள். நின்றபடி குனிந்து பேசினால் மிரட்டுவதுபோல இருக்கும். மூட்டையைத் தொடக் கூடாது, கையைப் பிடிக்கக் கூடாது. விசாரணையை விட்டுவிட்டு "தண்ணி வேணுமா?" என்று தொடங்குங்கள். தமிழ் புரியவில்லை என்றால் "பானி" என்று கேட்டுப் பாருங்கள், இந்திக்காரருக்கும் ஒடியாக்காரருக்கும் புரியும். மூடி திறக்காத பாட்டிலாகக் கொடுங்கள். விஷம் கலந்திருக்கும் என்ற பயம் பலருக்கு உண்டு. ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

ஓய்வுபெற்ற காவல் பணியாளரின் பதில்

அக்கா சொன்னது அத்தனையும் சரி. கூட்டம் சேர்ந்துவிட்ட பிறகு என்ன செய்வது என்று மட்டும் சேர்க்கிறேன்.

அவசர உதவி எண் 112-க்கு அடித்ததும் முதலில் இடம், பிறகு எத்தனை பேர் சூழ்ந்திருக்கிறார்கள், காயம் இருக்கிறதா. "சந்தேக நபர்" என்று சொல்லாதீர்கள். "மனநலம் பாதித்து அலைகிறவர் மாதிரி தெரிகிறது, மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 100-இன்படி பாதுகாப்பில் எடுங்கள்" என்று சொல்லுங்கள். அந்தப் பிரிவின்படி 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் எந்தச் சூழ்நிலையிலும் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவராக வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் காவல் நிலையத்தின் கடமை.

போலீஸ் வரும்வரை உள்ளே உட்கார வைக்கலாம் என்று தோன்றும். அறையில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். 2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ரயின்பாடாவில், நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேரை ஊராட்சி அலுவலகத்துக்குள் வைத்தே அடித்துக் கொன்றார்கள். உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள அறையா என்று பாருங்கள், ஊர் மதிக்கிற இரண்டு மூன்று பேர் கூடவே இருக்க வேண்டும். ஒருவர் வெளியே நின்று "போலீஸ் வந்துக்கிட்டு இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். முதல் அடி விழுவதற்கு முன்னால்தான் இதெல்லாம் பலிக்கும்.

வதந்திகளைச் சரிபார்க்கும் குழுவிலிருந்து

பயம் ஏற்கெனவே போனில் வந்து இறங்கியிருக்கும். 2018-இல் சுற்றிய பைக்கில் குழந்தையைத் தூக்கும் வீடியோ கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பி விடும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். அந்த மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்து வழி கேட்ட 65 வயது அம்மா குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அடித்தே கொன்றுவிட்டார்கள். அழுக்கு உடை இல்லை, மூட்டை இல்லை. வெளியூர் முகம், அவ்வளவுதான். அதே வாரம் பழவேற்காட்டில் ஒருவரைக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து சாட்டுக்கு (ஆளோ குரூப்போ) மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி செய்தது.

ஃபார்வர்டு வந்தால் நாள், ஊர், காவல் நிலையம் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். "நம்ம ஏரியாவில்" என்று மட்டும் இருந்தால் அது எந்த ஏரியாவுக்கும் பொருந்தும். குழந்தை பற்றி நிஜமாகவே சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடியுங்கள்.

மீட்புப் பணியிலிருந்து, மறுபடியும்

போட்டோ எடுத்து குரூப்பில் போடாதீர்கள் சகோ. "உறவினர் யாராவது பார்ப்பாங்க" என்ற நல்ல எண்ணத்தில் போட்டது, இரண்டு குரூப் தாண்டியதும் "இவன் நடமாட்டம், உஷார்" என்று மாறிவிடும். படத்தைக் காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் மட்டும் கொடுங்கள்.

குடும்பத்தைத் தேடும்போது ஊர்ப் பெயர் வராவிட்டால் பக்கத்து ரயில் நிலையம், வாரச்சந்தை, ஆறு, போலீஸ் ஸ்டேஷன் பெயரைக் கேட்டுப் பாருங்கள். மருந்து தொடங்கிச் சில வாரங்களில் இவற்றில் ஏதாவது ஒன்று நினைவுக்கு வருவதுண்டு. அது கிடைத்தால் அந்த ஸ்டேஷனுக்குப் போன் போட்டுத் தேடத் தொடங்கலாம்.