மலிவு விலையில் மேல் கேரியர்: மாட்டியவர்கள் சொல்லுங்கள்

கோச்சடை ஜிம்னி

வண்டிக் கூரைமேல் சுமை ஏற்ற மாட்டும் கேரியர் கடையில் தயாராகக் கிடைக்கிறது; அதன் விலையைக் கேட்டுவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். என் மாருதி ஜிம்னி விஷயத்தில் நானும் அந்த வகைதான். ஒரு அங்குலச் சதுரக் குழாய், ஆறு கால்கள், கூரையோரத்து மழைநீர் விளிம்பைக் கவ்வும் கிளாம்ப், கறுப்புப் பெயின்ட். எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்.

ஆடி மாதத்தில் மேகமலைக்குப் புறப்பட்டோம். உசிலம்பட்டி வரை லேசான விசில் சத்தம்தான். ஆண்டிப்பட்டி கணவாயில் எதிர்க்காற்று மோதியதும், தலைக்கு மேல் யாரோ நாதஸ்வரச் சீவாளியைச் சரிபார்ப்பதுபோல விடாத ஓர் ஓசை. பின்னால் வந்த லாரி விளக்கை அடித்து அடித்துக் காட்டியது. ஓரங்கட்டினேன். அவர்களும் நிறுத்தினார்கள். கிளீனர் இறங்கி வந்து, "கேரியர் நடக்கிறது, சார்" என்றார்.

உண்மைதான். முன் இடது கால் இரண்டு விரற்கடை பின்னுக்கு நகர்ந்திருந்தது. அது இழுபட்ட வழியெல்லாம் பெயின்ட் உரிந்து தகடு பளபளத்தது. ஒரு நட்டு இல்லை. பக்கத்து நட்டு விரலாலேயே சுழன்றது. அந்தப் பையன் என்னைக் கேட்காமலே டயரில் ஏறி நின்றான். பழைய பிஸ்கட் டப்பாவிலிருந்து ஸ்பிரிங் வாஷரும் இரண்டு நட்டும் எடுத்தான். ஒன்றை முறுக்கி, அதன்மேல் இன்னொன்றை வைத்து இறுக்கினான். "இதைச் செய்தவர் தன் வண்டிக்கு இப்படி விடுவாரா?" என்று கேட்டான். பணம் எடுப்பதற்குள் ஓட்டுநர் ஹாரன் அடிக்க, ஓடிவிட்டான்.

திரும்பி வந்து பட்டறைக்காரரிடம் சொன்னேன். "ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், தம்பி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது.

திருநகர் வாசகன்

எனக்கு நடந்தது சிறிய விஷயம். சிறுமலையிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் வண்டி சாய்ந்த விதம் புதிதாக இருந்தது. மேலே ஸ்டெப்னியும் தண்ணீர்க் கேன்களும். பேசிக்கொண்டே வந்த மனைவி பேச்சை நிறுத்திவிட்டுக் கைப்பிடியைப் பற்றினாள். அவ்வளவுதான்.

ஆனால் கோச்சடை நண்பரே, நட்டோடு முடிகிற கதையல்ல இது. ஒரு அங்குலச் சதுரக் குழாய் 1.6 மில்லிமீட்டர் கனத்தில் மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோ. கீழ்ச் சட்டம், மேல் விளிம்பு, குறுக்குக் கம்பிகள் என்று பார்த்தால் 17, 18 மீட்டர் குழாய் போய்விடும். அதாவது ஒரு பெட்டியைக்கூட ஏற்றாமல் 20 கிலோ. வண்டிக் கையேட்டில் கூரைக்கென்று ஓர் எடை வரம்பு போட்டிருப்பார்கள். கேரியரின் எடையும் அதற்குள்தான் அடக்கம். ஓடும்போது தாங்கும் எடை அது. நிற்கும்போது கூரை இன்னும் அதிகம் தாங்கும். மேலே கூடாரம் போட்டு இரண்டு பேர் படுக்க முடிவது அதனால்தான். அதைப் பார்த்துவிட்டு, "இரண்டு ஆளையே தாங்குகிறதே" என்று இரண்டு மூட்டை சிமென்ட் ஏற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். குண்டும் குழியுமான பாதையில் ஒவ்வொரு குலுக்கலிலும் கிளாம்பின் மேல் விழும் விசை அந்த எடையைப் போலப் பல மடங்கு.

அலுமினியம் இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் தெருமுனை வெல்டிங் பட்டறையில் அது நடக்காது. போல்ட் போட்டு இணைக்கும் வகையாக வாங்குங்கள். இரும்புதான் என்றால் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு அடிப்பூச்சு பூசாமல் கறுப்பு அடிக்க விடாதீர்கள். குழாயின் அடிப்பக்கத்தில் சிறு துளைகள் போடச் சொல்லுங்கள். உள்ளே தேங்கும் தண்ணீர் வெளியேற வழி இல்லாவிட்டால் துரு உள்ளிருந்தே தின்றுகொண்டு வரும். கிளாம்புக்கு அடியில் ரப்பர் பட்டை, நைலான் வளையம் வைத்த நட்டு. ஒரு பக்கம் முழுவதையும் முறுக்கிவிட்டு மறுபக்கம் போகக்கூடாது. மூலைக்கு மூலை மாற்றி இறுக்க வேண்டும். முதல் மலைப் பயணம் முடிந்ததும் மீண்டும் எல்லாவற்றையும் இறுக்க வேண்டும். கனமானது காலடியில், லேசானது தலைக்கு மேல்.

உசிலம்பட்டிக்காரன்

திருநகர் ஐயா, கிலோவுக்குக் கணக்குப் போட்டால் எங்கள் ஊரில் ஒரு வண்டியும் ஓடாது. போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகளைப் பாருங்கள். கேரியர் தெரியாத அளவுக்குச் சுமை. எங்கள் சுமோவின் இரும்புக் கேரியர் என் அப்பா காலத்தது. கூரை இன்னும் கூரையாகத்தான் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது எடையைப் பற்றியல்ல, உயரத்தைப் பற்றி. மாசிப் பச்சைத் திருவிழாவுக்குக் குலதெய்வம் கோவிலுக்குப் போகிறோம். சித்தப்பா இரண்டு பெரிய அண்டாக்களைக் கவிழ்த்து மேலே கட்டினார். கிடாயையும் மேலே ஏற்றலாம் என்றார். பாட்டி திட்டியதால் அது கால்மாட்டில் நின்றுகொண்டு வந்தது. மதுரை–தேனி அகலப் பாதையில் 2022 மே மாதம் ரயில் ஓடத் தொடங்கியதல்லவா, அந்தத் தண்டவாளத்துக்குக் கீழே போகும் ஒரு சுரங்கப் பாதை. அதன் வாயிலில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்த இரும்பு உத்தரம். வண்டி உயரம் சித்தப்பாவுக்கு மனப்பாடம். கேரியரும் அண்டாவும் சேர்ந்த உயரம் யாருக்குத் தெரியும்? ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன் கம்பை உயர்த்திக் கத்தினான். பிரேக். இறங்கிப் பார்த்தால், உத்தரத்துக்கும் அண்டாவின் அடிக்கும் இடையே என் உள்ளங்கை நுழையவில்லை. அண்டா அதைத் தொட்டுக்கொண்டு நின்றது. வேகம் கொஞ்சம் கூடியிருந்தால் கேரியரோடு பெயர்த்துக்கொண்டு பின்னால் வந்தவர்மேல் போட்டிருக்கும்.

அதன்பிறகு மொத்த உயரத்தை அளந்து ஓட்டுநர் முன்னால் எழுதி ஒட்டிவிட்டேன். சித்தப்பா அதன்மேல் சாமி படத்தை ஒட்டிவிட்டார்.

பிபிகுளம் பொலேரோ

கோச்சடை நண்பரிடம் பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டாவது ஏதோ சொன்னார். என்னிடம் பட்டறைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி என் பெயரில், ஓட்டுவது நான், பணம் கொடுப்பது நான். அவர் பேசியது முழுவதும் என் கணவரிடம். அவருக்கோ கியர் போடக்கூடத் தெரியாது.

கேரியரைக் கிளாம்பில் மாட்டுவதாகப் பேச்சு. அளவு சற்றுப் பிசகியதும், "காலை விளிம்போடு பற்றவைத்துவிடலாம், ஆயுசுக்கும் அசையாது" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு, வெல்டிங் மெஷினின் எர்த் கவ்வியை விளிம்பில் மாட்டினார். பேட்டரி இணைப்பைக் கழற்றவில்லை. கூரைக்கு உள்ளே துணியும் பஞ்சும் ஒட்டியிருக்கிறது. வண்டியின் எஞ்சினை ஆட்டிவைப்பதோ ஒரு சின்னக் கணினிப் பெட்டி. வெல்டிங் மின்சாரம் வழிதவறி அதற்குள் போனால் கேரியரில் மிச்சம் பிடித்த பணம் எந்த மூலைக்கு? நிறுத்தச் சொன்னேன். "அம்மா, நீங்கள் டீ குடித்துவிட்டு வாருங்கள்" என்றார், கண்ணாடியைக் கழற்றாமலே.

நான் போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் கவ்வி கழன்றது. கேரியரைத் தரையில் வைத்து அளவு திருத்திப் பற்றவைத்துக் கிளாம்பிலேயே மாட்டினார். நன்றாகத்தான் செய்தார், பொய் சொல்லக்கூடாது. ரசீதை என் கணவர் பெயரில் எழுதினார்.

மேலூர் சாலை

உசிலம்பட்டி நண்பர் பெருமையாகச் சொல்வதால் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவு: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி அப்படி மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சுமை பக்கவாட்டிலோ முன்னும் பின்னுமோ நீட்டிக்கொண்டிருந்தால், அல்லது அனுமதித்த உயரத்தைத் தாண்டினால், 194-ஆம் பிரிவின் 1ஏ உட்பிரிவில் 20,000 ரூபாய். அண்டாவின் விலையை நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

என்னை நான்குவழிச் சாலையில் ஒரு காவலர் நிறுத்தினார். அபராதம் போடவில்லை. கேரியரின் ஒரு காலைப் பிடித்துக் குலுக்கிப் பார்த்து, "போல்ட்டா, வெல்டிங்கா?" என்று மட்டும் கேட்டார். போல்ட் என்றேன். போகச் சொன்னார். வெல்டிங் என்றிருந்தால் என்ன செய்திருப்பார் என்று வீடுவரை யோசித்துக்கொண்டே போனேன்.

உசிலம்பட்டிக்காரன்

அண்டா வாடகைக்கு எடுத்தது, ஐயா.

வன்கூரை தார்

நடுவில் ஒரு கேள்வி. என் மஹிந்திரா தார் வண்டியின் கூரை தகடு அல்ல, கூட்டுப்பொருள். கிளாம்ப் கவ்வ விளிம்பும் கிடையாது. ஒரு கடையில், "நான்கு துளை, சுற்றிச் சிலிக்கான், முடிந்தது வேலை" என்றார்கள். அங்கே பழுதுக்கு வந்திருந்த இன்னொருவர் வண்டியின் உள்கூரையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். ஐப்பசி மழை நின்று வெயில் அடித்துக்கொண்டிருந்த நேரம். பழுப்புத் தண்ணீர் விரல் வழியே முழங்கை வரை ஓடியது. அந்தக் கடைக்கு மறுபடி போகவில்லை. கூரையைத் தொடாமல், வண்டியின் உடற்சட்டத்திலிருந்து கால் எழுப்பி மேலே கொண்டுபோகும் வகையை யாராவது மலிவாகச் செய்திருக்கிறீர்களா?

கோச்சடை ஜிம்னி

தார் நண்பரே, எனக்குத் தெரிந்து மலிவாக இல்லை. தேடிப் பார்க்கிறேன்.

விசில் சத்தம் நின்றுவிட்டது. முன் குறுக்குக் கம்பியில் நைலான் கயிற்றை இடைவெளி விட்டுச் சுருள் சுருளாகச் சுற்றச் சொன்னார் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு வேன் ஓட்டுநர். வெறும் கம்பியைக் கடக்கும் காற்று ஒரே சீராகச் சுழித்துச் சுழித்துப் பிரிவதால்தான் அந்த ஓசை. கயிற்றுச் சுருள் அந்தச் சீரைக் கலைத்துவிடுகிறது. உயரமான புகைபோக்கிகளின் உச்சியில் சுருள் பட்டை வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். கயிற்றின் செலவு 40 ரூபாய்.

திருநகர் ஐயா சொன்ன நைலான் வளைய நட்டுகளை மற்ற ஐந்து கால்களுக்கும் மாற்றிவிட்டேன். முன் இடது காலில் அந்தப் பையன் போட்ட இரட்டை நட்டு அப்படியே இருக்கிறது. ஸ்பானர் வைத்துப் பார்த்தேன், அசையவில்லை. உரிந்த இடத்தில் ப்ரைமர் மட்டும் அடித்திருக்கிறேன். ஜிம்னியின் நிறத்துக்குச் சரியாகப் பொருந்தும் பெயின்ட் மதுரையில் எங்கே கலந்து தருகிறார்கள்?