மனைப்பிரிவின் மழைநீரை எங்கே விடுவது? பூங்கா இடத்தில் தேக்கலாமா?

கூடுவாஞ்சேரி பக்கம் 2.40 ஏக்கர் நிலம், 32 மனை. வெள்ள அபாயம் இல்லை என்று என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) வாங்க மழைநீர் வடிகால் திட்டம் கொடுத்தோம். நீர் கடைசியில் எங்கே போகிறது என்று காட்டச் சொல்லி இரண்டாவது முறையும் கோப்பு திரும்பி வந்துவிட்டது. நான்கு மாதம் போச்சு.

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. மணிக்கு 75 மி.மீ. மழை, வழிந்தோடும் கெழு (பெய்யும் மழையில் நிலத்தில் இறங்காமல் ஓடும் பங்கு) 0.6 என்று வைத்தால் நொடிக்குச் சுமார் 120 லிட்டர். உள்ளே போடும் இரண்டடி வடிகால் தாராளமாகத் தாங்கும். சிக்கல் வெளியேதான். நீர் போக வேண்டிய சாலைக் கல்வெர்ட்டின் (சிறுபாலத்தின்) அடிமட்டம் எங்கள் வடிகால் முடியும் இடத்தைவிட 40 செ.மீ. உயரம். போன மழையில் பார்த்தேன், அங்கிருந்து தண்ணீர் எங்கள் பக்கமே திரும்பி வந்து 14ஆம் மனைக் கல் முழுகிவிட்டது.

மண் கொட்டி உயர்த்தலாம் என்றால் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் போகும். அவர் சண்டைக்கு வருவார், நியாயம்தான். எஃப்.எம்.பி.யில் (சர்வே புல வரைபடத்தில்) ஓர் ஓடை இருக்கிறது. நேரில் போனால் அதன்மேல் காம்பவுண்டு சுவர் நிற்கிறது! உறிஞ்சு குழியும் தோண்டிப் பார்த்தோம், களிமண், இரண்டு நாளாகியும் நீர் இறங்கவில்லை.

மிச்சம் ஒரே வழி, ஓ.எஸ்.ஆர். (மனைப்பிரிவில் ஒதுக்க வேண்டிய பொதுத் திறந்தவெளி) என்று பூங்காவுக்கு விடும் 18 சென்ட்டை ஓரடி தாழ்த்தி நீரைத் தேக்கி மெதுவாக விடுவது. ஒரு மணி நேர மழையில், நிலம் காலியாக இருந்தபோது ஓடியதைவிடக் கூடுதலாக வரும் 218 கன மீட்டர் அதில் அடங்கும். ஆனால் அது உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கும் இடமாயிற்றே.

பூங்கா இடத்தையே தேக்கப் பள்ளமாகக் காட்டி யாராவது ஒப்புதல் வாங்கியிருக்கிறீர்களா?