கடைக்குள் நுழைந்ததும் என்ன பேசுவது? விற்பனை வேலைக்குப் புதியவனின் கேள்வி

கப்பலூர் தம்பி கேட்டது:

நண்பர்களுக்கு வணக்கம். கப்பலூர் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். எட்டு மாதங்களுக்கு முன்பு என்னை விற்பனைக்கு மாற்றிவிட்டார்கள். அதுவரை அட்டையின் கனத்தையும் ஈரத்தையும் அளந்துகொண்டிருந்தவனுக்குத் திடீரென்று மனிதர்களோடு பேசுவதே வேலையாகிவிட்டது.

வாரத்தில் நான்கு நாட்கள் கீழமாசி வீதியிலும் அதையொட்டிய தெருக்களிலும் உள்ள மளிகை, மசாலா மொத்தக்கடைகளுக்குப் போகிறேன். வணக்கம் சொல்லி, விலைப்பட்டியலை நீட்டி, மாதிரிப் பெட்டியை விரித்துக் காட்டி, "வேணும்னா கூப்பிடுறோம் தம்பி" என்ற பதிலை வாங்கிக்கொண்டு ஆறேழு நிமிடங்களில் வெளியே வந்துவிடுகிறேன். கூப்பிட்டவர்கள் இதுவரை இரண்டே பேர்.

சென்ற மாதம் ஒரு கடையில் எனக்கு முன்பாகவே வேறு நிறுவனத்தின் விற்பனையாளர் ஒருவர், ஐம்பது வயதுக்குமேல் இருக்கும், கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பெரியாறு இன்றைக்கு எத்தனை அடி, இந்த முறை 142-ஐத் தொடுமா, வைகை அணை நிரம்புமா, மேலூர்க் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருமா என்று முதலாளியோடு இருபது நிமிடம் பேசினார். பெட்டியைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை. எழுந்திருக்கும்போது மட்டும், "அண்ணாச்சி, போன தடவை மாதிரி மூவாயிரம் அனுப்பிரவா?" என்றார். "அனுப்புங்க" என்று பதில் வந்தது. அவருடைய விலை என்னுடையதைவிடக் கூடுதல் என்பது எனக்கு உறுதியாகத் தெரியும்.

என் கேள்விகள் இவைதான். இப்படிப்பட்ட பேச்சை எங்கிருந்து தொடங்குவது, எங்கே நிறுத்துவது? வியாபாரத்துக்காக நலம் விசாரிப்பது பசப்பு என்று என் மனம் உறுத்துகிறதே, அதை எப்படிச் சரிசெய்வது? இன்னொன்றும் உண்டு. நான் வாய் திறப்பதற்குள் சிலர், "தம்பிக்கு எந்த ஊரு, எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை?" என்று தொடங்கிவிடுகிறார்கள். அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

கல்லாக்காரர் எழுதியது:

தம்பி, நான் மொத்தக்கடை நடத்துகிறவன். நீங்கள் சொல்லும் ஸ்டூலுக்கு இந்தப் பக்கம் முப்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். எனவே இங்கிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

பெரியாற்றின் நீர்மட்டம் காலைப் பத்திரிகையிலேயே வந்துவிடுகிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நாங்கள் யாரையும் இருபது நிமிடம் உட்கார வைப்பதில்லை. ஆனால் அணையில் தண்ணீர் இருந்து, பாசனத்துக்குத் திறந்தால்தான் மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர் பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டுப் புதிதாகச் சரக்கு எடுப்பார். அவர் எடுத்தால்தான் எனக்குப் பெட்டி செலவாகும். ஆகவே, அந்தப் பெரியவர் பெட்டியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை என்று நீங்கள் நினைத்தீர்களே, அங்கேதான் தவறு. அந்த இருபது நிமிடமும் அவர் பேசியது பெட்டியைப் பற்றித்தான். எந்த மாதம் எத்தனை பெட்டி போகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு எழுந்ததால்தான் மூவாயிரம் என்ற எண்ணை அவரே சொன்னார்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு, பெட்டிக்கு நாற்பது காசு குறைவு என்று ஒரு புதிய நிறுவனத்திடம் வாங்கினேன். பேர் வேண்டாம். ஐப்பசி அடைமழையில் கிட்டங்கிக்குள் ஈரம் ஏறி, அடி வரிசைப் பெட்டிகள் அப்படியே உட்கார்ந்துவிட்டன. மேலே இருந்த கனத்தில் மிளகாய்த்தூள் பாக்கெட்டுகள் பிதுங்கி, தரையெல்லாம் சிவப்பு. விற்றவருக்கு அன்று மாலைவரை போன் செய்தேன், எடுக்கவில்லை. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது நான் பட்ட பாட்டை அந்த நாற்பது காசு ஈடுகட்டவில்லை. அன்றிலிருந்து, விலைப்பட்டியலோடு வருகிறவரைப் பார்த்தால், இவர் மழை நாளில் போனை எடுப்பாரா என்பதைத்தான் முதலில் யோசிக்கிறேன். அதைப் பட்டியலில் அச்சடிக்க முடியாது. நாலு வார்த்தை பேசித்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காலை பத்திலிருந்து ஒரு மணிவரை லோடு இறங்கும், பில் போடுவோம், சுமைதூக்குகிறவர்கள் கூலிக்கு நிற்பார்கள். அந்நேரத்தில் அணை நீர்மட்டத்தைக் கேட்டீர்களானால் எனக்கும் எரிச்சல்தான் வரும். நான்கு மணிக்கு டீ வரும்போது வாருங்கள். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் மட்டும் பணப்பேச்சை எடுக்காதீர்கள்.

செல்லூர் அக்கா எழுதியது:

கல்லாக்காரர் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் ஆண், கடை முதலாளி. அந்த ஸ்டூலில் உட்கார்ந்து இருபது நிமிடம் பேசும் வசதி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. நான் ஒரு வங்கியில் சிறுதொழில் கடன்களைப் பார்க்கிறேன். பட்டறை பட்டறையாக ஏறி இறங்கும் வேலை. என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "கல்யாணம் ஆயிருச்சாம்மா?" இரண்டாவது, "எத்தனை பிள்ளைங்க?" பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை, பழக்கத்தில் வருகிறது. ஆனாலும் அங்கே மாட்டிக்கொண்டால் கடன் விண்ணப்பத்துக்கு வந்து சேர அரை மணி நேரம் ஆகிவிடும்.

நான் கண்டுகொண்ட வழி இது. ஆளைப் பற்றிக் கேட்காமல், கண்ணெதிரே இருக்கும் பொருளைப் பற்றிக் கேட்பேன். ஒரு சுங்குடிச் சேலைக்காரர் வீட்டுக்கு முதன்முறை போனபோது, அவருடைய தாயார் திண்ணையில் துணியை மடியில் போட்டுக்கொண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நகத்தால் துணியை நுனியளவு கிள்ளி எடுத்து நூலைச் சுற்றி இறுக்குகிற வேகத்தில் என் கண் பின்தங்கிவிட்டது. "ஒரு சேலைக்கு எத்தனை முடிச்சும்மா வரும்?" என்று கேட்டேன். எண்ணிக்கையை விட்டுவிட்டு, சாயம் முக்கியபின் முடிச்சை இழுத்து அவிழ்க்கும்போது எழும் சத்தத்தைப் பற்றி அந்த அம்மா பேசத் தொடங்கினார். மகனும் உள்ளேயிருந்து வந்து உட்கார்ந்தார். 2005-இல் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபிறகும் அச்சடித்த சேலைதான் அதிகம் போகிறது, முடிச்சு போட ஆள் கிடைப்பதில்லை என்ற கவலையை அவராகவே சொன்னார். அந்தப் பேச்சிலிருந்து எனக்கு அவருடைய தொழில் புரிந்தது. படிவத்தில் இருந்த எந்தக் கட்டமும் அதைச் சொல்லியிருக்காது. நான் கேட்டதில் நடிப்பு ஒன்றும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினேன். உங்கள் உறுத்தலுக்கு என்னுடைய பதில் இதுதான் தம்பி: தெரிந்துகொள்ள ஆசை இல்லாத விஷயத்தைக் கேட்காதீர்கள். நான்கு ஆண்டுகள் அட்டையை அளந்தவருக்குக் கிட்டங்கியைப் பார்த்தால் கேள்வியே வராதா?

நான் சறுக்கியதும் உண்டு. எவர்சில்வர் பட்டறை ஒன்றில், "மகன் எங்க ஐயா, எப்பவும் கணக்குப் பார்ப்பாரே?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டேன். மகன் சண்டை போட்டுத் தனியே பிரிந்துபோய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பெரியவர் எழுந்து பின்பக்கம் போய்விட்டார்; திரும்பி வரவேயில்லை. ஒரே சொல்லில் பதில் சொல்லித் தப்பித்துக்கொள்ள இடம் தராத கேள்வியை அன்றிலிருந்து தவிர்த்துவிட்டேன். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மல்லிகை என்ன விலை, அழகர் இந்த ஆண்டு என்ன நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கினார் என்பன போன்றவற்றில் யார் மனமும் புண்படுவதில்லை. பச்சைப் பட்டு என்றால் விளைச்சல் செழிக்கும் என்ற நம்பிக்கையைச் சொல்லும்போது சிரிக்காத வியாபாரியை நான் பார்த்ததில்லை.

"எந்த ஊரு, எந்தத் தெரு" என்பதற்கு வருகிறேன். சிலர் வெறும் அறிமுகத்துக்குக் கேட்கிறார்கள், சிலர் சாதியைத் துழாவக் கேட்கிறார்கள். இரண்டையும் முகத்தைப் பார்த்துப் பிரித்தறிய முடியாது, முயலவும் வேண்டாம். இரண்டுக்கும் ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள். "பழங்காநத்தம் பக்கம் வாடகைக்கு இருக்கோம்ணே, பாலம் தாண்டி வர்றதுக்குள்ள போதும்னு ஆயிருது" என்று சொன்னால் பேச்சு போக்குவரத்துக்குப் போய்விடும். மதுரையில் போக்குவரத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லாதவர் யார்? அதற்குப் பிறகும் விடாமல் துழாவுகிறவரிடம் மாதிரிப் பெட்டியைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுங்கள். சில வியாபாரங்கள் கைவிட்டுப் போகலாம்.

வகுப்பறை எழுதியது:

கல்லூரியில் சமூகவியல் கற்பிக்கிறேன். விற்பனை அனுபவம் இல்லை என்பதால் சுருக்கமாக இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

செய்தியைத் தெரிவிப்பதற்காக அல்லாமல், இருவருக்கிடையே ஒட்டுறவை உண்டாக்குவதற்காக மட்டுமே நிகழும் பேச்சு ஒன்று எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறது என்று மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923-இல் எழுதினார். நம் "சாப்பிட்டாச்சா?" அந்த வகைதான். கேட்பவர் சோற்றைக் கொண்டுவரப் போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும், யாரும் அதைப் பொய் என்று கருதுவதில்லை.

இரண்டாவது, மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வு. பாஸ்டன் நகரையொட்டிய புறநகர் ஒன்றில், தெரிந்தவர் மூலம் புதிய வேலை பெற்ற 54 பேரிடம், அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துவந்தீர்கள் என்று கேட்டார். வாரம் இரண்டு முறையாவது பார்த்தவர் மூலம் வேலை பெற்றோர் 16.7 விழுக்காடுதான். எப்போதாவது பார்ப்பவர் மூலம் 55.6 விழுக்காடு, ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர் மூலம் 27.8 விழுக்காடு. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும், தூரத்துப் பழக்கமே புதிய செய்தியைக் கொண்டுவரும் என்பது அவர் விளக்கம். இது வேலை தேடுவதைப் பற்றிய ஆய்வு, பெட்டி விற்பதற்கு அப்படியே பொருத்திவிட முடியாது. இருந்தாலும் முதலாளியிடம் மட்டும் பேசிவிட்டு வருவதைவிட, கணக்கரிடமும் சுமைதூக்குகிறவரிடமும் நின்று ஒரு வார்த்தை பேசுவது நல்லது என்பேன். எந்தக் கடையில் பெட்டி கிழிகிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

கப்பலூர் தம்பி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று நான்கு மணிக்கு, பட்டியலைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்தவரிடம் அணையைப் பற்றிக் கேட்கத் துணிவு வரவில்லை. கேட்டால் அந்தப் பெரியவரைப் பார்த்து நடிப்பது போல் இருக்கும் என்று தோன்றியது. அதற்குப் பதிலாக, "அண்ணே, மழை நாள்ல அடி வரிசை எப்படி நிக்குது?" என்று கேட்டேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு மாடிக் கிட்டங்கிக்கு அழைத்துப்போனார். பத்துப் பெட்டி உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அடிப்பெட்டியின் மூலைகள் மடங்கியிருந்தன. அது மூன்றடுக்கு அட்டை, சுவரை ஒட்டியும் வைத்திருந்தார்கள். எந்த நிறுவனத்தின் மூன்றடுக்குப் பெட்டியும் இந்த உயரத்தைத் தாங்காது, எங்களுடையதும் தாங்காது, அடியில் மரச்சட்டம் போட்டுச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாலே ஈரம் குறையும் என்று சொன்னேன். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. ஆர்டர் ஒன்றும் கிடைக்கவில்லை. "அடுத்த வாரம் சட்டம் போட்டுட்டுச் சொல்றேன், வந்து பாருங்க" என்றார்.

ஒரு சங்கடம் மட்டும் மீதமிருக்கிறது. எனக்கு டீ ஒத்துக்கொள்ளாது. நேற்று டீ வந்தபோது "வேணாம்ணே" என்றேன். அவருடைய முகம் லேசாக மாறியது போல் இருந்தது.

கல்லாக்காரர் எழுதியது:

"பால் மட்டும் போதும்ணே" என்று சொல்லுங்கள் தம்பி. கடைப்பையனுக்கு ஒன்றும் கூடுதல் வேலையில்லை. மரச்சட்டம் எந்த உயரத்துக்கு இருக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள், எங்கள் கிட்டங்கிக்கும் போட வேண்டும்.