மருந்தின்ர பேர் என்ன எண்டு டொக்டர் கேட்டவர்

கோண்டாவில்காரி:
போன ஆவணி நடந்தது. கொழும்பிலை ரியூப் பேபிக்குக் காட்டி கரு வைச்சு ஒன்பதாம் நாள், இன்னும் அஞ்சு நாளிலை ரத்தம் குடுத்துப் பாக்கோணும். இஞ்சை தங்கச்சியின்ர கலியாணவீடு. கரு வைச்ச விசயம் எனக்கும் இவருக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். லண்டனாலை வந்த மச்சாள் தான் வெள்ளை ஊசி ஏத்தப் போறன், நீயும் வா, காசு நான் தாறன், உன்ர முகமும் கறுத்துப் போய்க் கிடக்கு எண்டு இழுத்துக்கொண்டு போயிட்டா. வெறும் விற்றமின்தானாம். அங்கை நரம்பு தேடின பிள்ளை, வயித்திலை பிள்ளை ஏதும் இருக்கோ, வேற மருந்து எடுக்கிறியளோ எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை. கேட்டிருந்தாலும் பக்கத்துக் கதிரையிலை மச்சாள் இருக்க நான் இல்லை எண்டுதான் சொல்லியிருப்பன். அரைவாசி ஏறினாப்பிறகுதான் மேலை பாத்தனான், போத்திலிலை லேபிளைக் கிழிச்சுப்போட்டினம், பசை மட்டும் இருந்தது, அந்தப் பசையிலை ஒரு நுளம்பு ஒட்டிக்கொண்டு கிடந்தது. கண்ணை மூடினா இப்பவும் அதுதான் வருது.

இரவு கிணத்தடியிலை நிண்டு டொக்டருக்குப் போன் எடுத்தனான். ஏசேல்லை. மருந்தின்ர பேர் என்ன, எவ்வளவு ஏத்தினவை எண்டு மட்டும் கேட்டவர். எனக்குச் சொல்லத் தெரியேல்லை.

ரத்தத்திலை இல்லை எண்டு வந்திட்டுது. ஊசியாலைதான் எண்டு சொல்லேலாதாம், ஒண்டும் செய்யாத ஆக்களுக்கும் முதல்தரம் கனபேருக்குத் தங்கிறேல்லையாம். எனக்கு மனம் ஆறேல்லை.

சாவகச்சேரி அம்மா:
தங்கச்சி, நீங்கள் எழுதினதை வாசிச்சிட்டு வயித்திலை பிள்ளையோட இருக்கிற ஆரும் பயந்துபோவினம், அதுதான் எழுதுறன். நான் நெத்திக்கு பொட்டொக்ஸ், அதுதான் சுருக்கம் போறதுக்குப் போடுற ஊசி, போட்டு ஆறாம் நாள் ரெண்டு கோடு வந்தது. அண்டைக்கு முழுக்க அழுதுகொண்டு இருந்தனான். டொக்டர் சொன்னவர், அது பெரிய மூலக்கூறு, சரியான இடத்திலை கொஞ்சமாப் போட்டா ரத்தத்திலை கலந்து பிள்ளைக்குப் போற சாத்தியம் மிகக் குறைவு, இனிப் போடாதேங்கோ எண்டு. மகளுக்கு இப்ப ரெண்டு வயசு. தெரியாமல் போட்டவை உடைஞ்சு போகத் தேவையில்லை.

நல்லூர் நேர்ஸ்:
சாவகச்சேரி அக்கா, உங்களுக்கு நல்லபடியா முடிஞ்சது சந்தோசம், ஆனா பொட்டொக்ஸும் வெள்ளை ஊசியும் ஒண்டில்லை, அதை ரெண்டையும் ஒண்டாக் கதைக்காதேங்கோ. பொட்டொக்ஸ் தசைக்குள்ள கொஞ்சமாப் போடுறது, அதுக்கே பிள்ளைத்தாச்சிகளை வைச்சு ஒழுங்கான ஆய்வு செய்யேலாததாலை போடவேண்டாம் எண்டுதான் சொல்லுவினம். வெள்ளை ஊசி எண்டுறது தோல் வெளுக்கவெண்டு ஏத்திற குளூட்டத்தயோன் எண்ட மருந்து, நேரா நரம்புக்குள்ள. அமெரிக்காவிலை தோல் வெளுக்கவெண்டு எந்த ஊசிக்கும் அனுமதி குடுக்கேல்லை. பிலிப்பைன்சிலை அந்த ஊசிக்கு அனுமதி இருந்தது சிஸ்பிளாட்டின் எண்ட கான்சர் மருந்து ஏத்திற ஆக்களுக்குத் துணை மருந்தா மட்டும்தான், அழகுக்குப் போடாதேங்கோ எண்டு 2011இலையும் 2019இலையும் அந்த அரசாங்கமே எச்சரிக்கை விட்டது. ஈரல், சிறுநீரகம், தைரொயிட் பாதிக்கலாம், தோல் உரியிற கடும் அலர்ஜியும் வரலாம். லேபிள் இல்லாத போத்தில் எண்டா அது குளூட்டத்தயோன்தானோ எண்டே தெரியாது, கிருமி இருந்தா நேரா ரத்தத்துக்குத்தான் போகும்.

உதட்டுக்கு ஃபில்லர், அதுதான் உதட்டைப் பெருப்பிக்கிற ஊசி, போட நினைக்கிற பிள்ளையளுக்கும் சொல்லுறன். கனக்க ஃபில்லரிலை விறைப்பு மருந்தும் கலந்துதான் வரும். ஃபில்லர் ரத்தக்குழாயை அடைச்சா உடன கரைக்கிற ஊசி போடோணும், பிள்ளை வயித்திலை இருக்கேக்கை அந்த நிலைமைக்கு ஏன் போவான்? ரியூப் பேபிக்குப் போறவை ஹோர்மோன் ஊசி தொடங்க முதலே முகத்துக்கு என்ன போட்டனீங்கள், எப்ப போட்டனீங்கள் எண்டு டொக்டரிட்டைச் சொல்லுங்கோ. போடுறவர் மெடிக்கல் கவுன்சிலிலை பதிஞ்ச டொக்டரோ எண்டு கேளுங்கோ. போத்திலை முதல் போன்லை படம் எடுங்கோ. எடுக்க விடாட்டி எழும்பி வாங்கோ.

மானிப்பாய்:
எனக்கு அஞ்சாம் மாசம் கன்னத்திலை மங்கு. மாமி ஒரு கிறீம் வாங்கித் தந்தவ. வீட்டை வந்த குடும்பநல உத்தியோகத்தர் மேசையிலை அதைக் கண்டு, திருப்பித் திருப்பிப் பாத்து, என்ன கலந்தது எண்டு எழுதேல்லை, சில வெளுக்கிற கிறீமிலை பாதரசம் இருக்கும், அது பிள்ளைக்கும் போகும் எண்டு சொல்லித் தன்ர பாக்குக்குள்ள போட்டுக்கொண்டு போயிட்டா. மாமி மூண்டு நாள் என்னோட கதைக்கேல்லை. பிள்ளை பிறந்து கொஞ்ச மாசத்திலை மங்கு தானாக் குறைஞ்சிட்டுது.

கொக்குவில்:
கோண்டாவில் அக்கா கோவிக்கக்கூடாது, மச்சாளிட்டை மறைச்சது நீங்கள்தானே? அந்தப் பிள்ளையை மட்டும் குறை சொல்லி என்ன?

கோண்டாவில்காரி:
மறைச்சனான்தான் தம்பி. ஏழு வருசமா விசேசம் ஒண்டும் இல்லையோ எண்டு கேக்கிற சனத்துக்கு முன்னாலை வேற என்ன செய்யிறது? ஆனா தனியக் கூப்பிட்டு ஒரு நிமிசம் கேட்டிருந்தா சொல்லியிருப்பன்.

நேர்ஸ் அக்கா, அடுத்த நாள் திரும்பிப் போனனான், பேரை எழுதித் தாங்கோ எண்டு. அந்தப் பிள்ளை உள்ளுக்குப் போய் ஆரோடையோ போன்லை கதைச்சிட்டு வந்து பில் புத்தகத்திலை ஒரு தாள் கிழிச்சு எழுதித் தந்தவ. 'வெள்ளை' எண்டு மட்டும். அந்தத் தாள் இன்னும் என்ர கிளினிக் ஃபைலுக்குள்ள கிடக்கு, தை மாசம் திரும்பப் போகேக்கை டொக்டரிட்டைக் காட்டோணும்.